தலைவனின் சின்னம் குடிகளின் மார்பில்: ஸ்கொட்லாந்துக் குல முத்திரை நகைகளின் கதை

எடின்பரோ நகரின் கோட்டை வாயிலிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கிச் செல்லும் பழைய வீதியை 'றோயல் மைல்' என்பர். கருங்கல் பாவிய அவ்வீதியின் இருமருங்கிலும் உள்ள கடைகளில், கம்பளித் துணிகளுக்கும் விஸ்கிப் போத்தல்களுக்கும் நடுவே தவறாமற் காணப்படும் பொருளொன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான ஓர் உலோக முத்திரை. சுற்றிவர ஓர் இடைப்பட்டி, அதன் நுனியில் பக்கிள், பட்டியின்மீது பொறித்த ஒரு சொற்றொடர், நடுவிலே காட்டுப் பன்றியின் தலையோ காளையின் தலையோ அம்புக் கட்டோ. தொப்பியிற் குத்திக்கொள்வதற்கும், தோளில் மடித்திடும் போர்வையை இறுக்கும் புரூச்சாகவும், சட்டைக் கையின் பொத்தானாகவும், மோதிரமாகவும், கழுத்துச் சங்கிலியின் பதக்கமாகவும் அது விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கும். அருகே குடும்பப் பெயர்களின் நீண்ட பட்டியலொன்று தொங்கும். கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருவோர் அப்பட்டியலில் விரல்வைத்துத் தம் பெயரைத் தேடுவர். கண்டதும் அவர்தம் முகம் மலரும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் கப்பலேறிய ஒருவரின் எட்டாந் தலைமுறைப் பிள்ளை, தான் பிறவாத ஊரொன்றின் அடையாளத்தைப் பணம் கொடுத்து வாங்கி நெஞ்சிற் குத்திக்கொள்கிறது. புலம்பெயர்ந்த நாட்டிலே பிள்ளை வளர்க்கும் நம்மவர் எவருக்கும் இக்காட்சி சிறிதளவாயினும் சிந்தனையைத் தராமற் போகாது. ஆயின் அந்த முத்திரை உண்மையில் யாருடையது என்று வினவினால், கதை வேறொரு திசையிற் செல்கிறது.

யாருக்குச் சொந்தம்?

'கிளான்' என நாம் ஆங்கில வழியாக அறிந்த சொல், ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலத்தார் பேசிய கேலிக் மொழியில் 'பிள்ளைகள்' எனப் பொருள்படுவது. குலத் தலைவன் தந்தை, குடிகள் அவன் பிள்ளைகள் என்பது அதன் உட்கருத்து. இரத்த உறவு எல்லோருக்கும் இருந்ததென்று கொள்வதற்கில்லை. நிலத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஒரு தலைவனை அண்டி வந்தோர் அவன் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். பிரேசர் குலத்தவரின் தலைவர் ஒருவர், தம் பெயரை ஏற்போருக்கு மூட்டைக் கணக்கில் ஓட்ஸ் மாவு அளந்தார் என்றும், அவ்வாறு வந்தவர்களை 'மாவுப் பிரேசர்கள்' என்று அயலார் கேலிசெய்தனர் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. பெயரை வைத்து மட்டும் வம்சாவளியைக் கணிக்க முற்படுவோர் இக்கதையை நினைவிற் கொள்வது நன்று.

முத்திரையின் நடுவிலே உள்ள உருவம், குலத் தலைவரின் கேடயச் சின்னத்திலே தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் முடிச்சின்னமாகும். அது தலைவரின் தனிச்சொத்து. ஸ்கொட்லாந்துச் சட்டத்தின்படி 'குடும்பச் சின்னம்' என்று ஒன்று கிடையாது. சின்னம் ஒரு தனி ஆளுக்கே உரியது, அவருக்குப் பின் உரிமையுள்ள ஒரே வாரிசுக்குச் செல்வது. ஆகையால் சாதாரணக் குலத்தவர் ஒருவர் அதனை அணியும்போது, இது என்னுடையது என்று கூறுவதாகாது. இச்சின்னத்துக்குரியவரின் ஆள் நான் என்று கூறுவதாகும். சுற்றியிருக்கும் பட்டியும் பக்கிளும் அதற்கு அடையாளம். தலைவரின் சின்னத்தை அவருடைய ஆட்கள் பட்டியினாற் கட்டி அணிந்தனர் என்று விளக்கம் கூறுவர். எனினும் இன்று நாம் காணும் இவ்வடிவம் 19ஆம் நூற்றாண்டிலே பரவலானது.

தலைவர் அணிவதில் பட்டி இராது. வெறும் வளையமொன்றும் அதன் பின்னே கழுகின் மூன்று இறகுகளும் இருக்கும். குலத்தின் கிளைத் தலைவருக்கு இரண்டு இறகுகள். தமக்கெனச் சின்னம் பதிவுசெய்துகொண்ட தனி ஆளுக்கு ஒன்று. மேட்டுநில விழாவொன்றிலே கூட்டத்தினுள் நிற்பவர் எத்தரத்தினர் என்பதை அவர் தொப்பியின் இறகுகளை எண்ணியே அறிந்துகொள்ளலாம்.

இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்பவர் 'லோர்ட் லயன்' எனப்படும் அரச அலுவலர். அவருடைய மன்றம் எடின்பரோவில் இன்றும் இயங்குகிறது. 1592ஆம் ஆண்டின் சட்டமும் 1672ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு அதிகாரம் அளித்தன. உரிமையின்றி ஒருவரின் சின்னத்தைத் தன் சின்னமாகப் பயன்படுத்துவது அங்கே வெறும் மரியாதைக் குறைவன்று, சட்டத்தை மீறிய செயல். வழக்குத் தொடுப்பதற்கெனத் தனி வழக்குரைஞரும் அம்மன்றத்துக்கு உண்டு. கடைகளில் 'உங்கள் குடும்பத்தின் சின்னம்' என்று சட்டமிட்டு விற்கப்படும் வர்ணப் படங்களை இந்த வெளிச்சத்திலேயே நோக்கவேண்டும். அவை அழகானவை, வீட்டுச் சுவரில் மாட்டலாம், உரிமைப் பத்திரமாகா.

பட்டியிற் பொறித்த வாக்கு

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிற் பயின்றோருக்கு விருதுவாக்கு என்றால் விளக்கவேண்டியதில்லை. ஸ்கொட்லாந்துக் குலங்களின் விருதுவாக்குகள் இலத்தீன், பிரெஞ்சு, கேலிக், பழைய ஸ்கொட் எனப் பல மொழிகளிலும் உள்ளன. மக்கின்ரொஷ் குலத்தின் முத்திரையிலே ஒரு காட்டுப் பூனை. 'கையுறையின்றிப் பூனையைத் தொடாதே' என்பது வாக்கு. மக்கென்சி குலத்துக்கு எரியும் மலை. 'ஒளிர்கிறேன், எரிவதில்லை' என்கிறது அது. கமரன் குலத்துக்கு ஐந்து அம்புகளின் கட்டும் 'ஒன்றுபடுங்கள்' என்னும் கேலிக் வாக்கும். கம்பெல் குலத்துக்குக் காட்டுப் பன்றியின் தலை, வாக்கு 'மறவாதே'.

இந்த இறுதி வாக்கைப் படிக்கும்போது மக்டொனால்ட் குலத்தவர் எவரும் கசப்புடன் நகைப்பர். 1692ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி விடியற்காலையில், கிளென்கோ பள்ளத்தாக்கிலே தமக்குப் பன்னிரண்டு நாள்களாக உணவும் உறையுளும் அளித்த மக்டொனால்ட்களை, கம்பெல் ஒருவரின் தலைமையில் வந்த அரச படையினர் வாளுக்கு இரையாக்கினர். 38 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கு. உயிர் தப்பிப் பனிமலையில் ஏறியோரில் மேலும் பலர் குளிரினால் மாண்டனர். கட்டளை பிறந்தது அரசாங்கத்திடமிருந்தே என்பது விசாரணையில் தெரியவந்தது. அவ்வாறிருந்தும் உண்ட வீட்டுக்குச் செய்த இரண்டகம் என்ற பழி கம்பெல் பெயரைவிட்டு இன்றளவும் நீங்கவில்லை.

பெயரையே இழந்த குலமும் உண்டு. 1603ஆம் ஆண்டு கிளென் புரூயின் என்னுமிடத்தில் அயற் குலத்தவரைப் பெருந்தொகையாகக் கொன்றனர் என்பதற்காக, மக்கிரெகர் என்ற பெயரை ஒழித்து ஆறாம் ஜேம்ஸ் மன்னனின் அரசு ஆணையிட்டது. அப்பெயரைச் சொல்வோர் உயிரிழக்க நேரிடும். எனவே அவர்கள் மறே, கிரகாம், கிரான்ட், கம்பெல் எனப் பிற பெயர்களுள் ஒளிந்துகொண்டனர். 1661ஆம் ஆண்டு தடை நீங்கியது; 1693ஆம் ஆண்டு மீண்டும் வந்தது; 1774ஆம் ஆண்டிலேயே முற்றாக அகன்றது. புகழ்பெற்ற றொப் றோய் மக்கிரெகர் தம் தாயின் குடும்பப் பெயரான கம்பெல் என்பதையே பத்திரங்களிற் பயன்படுத்தி, தடை நீங்குமுன்னரே 1734ஆம் ஆண்டிற் காலமானார். இன்று அக்குலத்தின் முத்திரையில் முடிசூடிய சிங்கத்தின் தலை இருக்கிறது. 'அரச குலம் என் குலம்' என்னும் வாக்கு அதைச் சூழ்ந்திருக்கிறது. ஏறக்குறைய 170 ஆண்டுகள் பெயரை வாய்விட்டுக் கூற அஞ்சியவர்களின் வாக்கு அது. விமான நிலையக் கருமபீடத்திலே வேறொருவர் பெயரைத் தன் பெயராகச் சொல்ல நேர்ந்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

குலோடனுக்குப் பின்னர்

குல அமைப்பின் முதுகெலும்பு முறிந்தது 1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி. இன்வர்னெஸ் நகருக்கு அருகே குலோடன் வெளியில், ஸ்ரூவட் வம்சத்து இளவரசர் சார்ள்ஸுக்காகத் திரண்ட மேட்டுநிலப் படை ஒரு மணித்தியாலத்துக்குள் சிதறடிக்கப்பட்டது. வெற்றிபெற்ற அரசு அத்துடன் நிற்கவில்லை. தம் நிலத்திலே தாமே நீதிமன்றம் நடத்தும் தலைவர்களின் பரம்பரை அதிகாரம் சட்டத்தால் நீக்கப்பட்டது. மேட்டுநில ஆடவரும் சிறுவரும் தம் மரபுடையை அணிவது குற்றமாயிற்று. முதன்முறை பிடிபட்டால் ஆறுமாதச் சிறை. மறுமுறையும் பிடிபட்டால் ஏழாண்டு கடல்கடத்தல். மன்னரின் படையிற் சேர்ந்தோருக்கு மாத்திரம் விலக்கு. தன் தந்தையின் உடையை அணிய விரும்பியவன் தன் தந்தையை வென்றவனின் படையிற் சேரவேண்டியிருந்தது. 1782ஆம் ஆண்டில் இச்சட்டம் நீக்கப்பட்டபோது, அவ்வுடையை நாள்தோறும் உடுத்திய ஒரு தலைமுறை மறைந்து போயிருந்தது.

பின்னர் நிகழ்ந்தது விந்தையானது. அடக்கி ஒடுக்கப்பட்ட உடை, நாற்பதே ஆண்டுகளில் அரச கோலமாக மாறியது. 1822ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளினார். ஏறத்தாழ 170 ஆண்டுகளாக ஆளும் மன்னர் எவரும் கால்வைக்காத நகரம் அது. வரவேற்பு ஏற்பாடுகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர், 1814ஆம் ஆண்டிலே 'வேவர்லி' என்ற புதினத்தால் மேட்டுநிலத்தின்மீது உலகுக்கே மோகம் உண்டாக்கிய வோல்ரர் ஸ்கொட். குலத் தலைவர்கள் தத்தம் பரிவாரங்களுடன் கோலாகலமாக வந்திறங்கினர். மன்னரும் கில்ட் உடுத்தார். உள்ளே தோல் நிறத்தில் நெருக்கமான காலுறையும் அணிந்திருந்தார் என்பதைக் கேலிச்சித்திரக்காரர் மறக்கவில்லை.

அந்த ஆண்டிலிருந்து தையற்காரருக்கும் நெசவாளருக்கும் பொற்கொல்லருக்கும் ஓயாத வேலை. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தனிக் கட்டம்போட்ட துணி என்னும் ஒழுங்கு பெரும்பாலும் இக்காலத்தில் உறுதிப்பட்டதே. பனொக்பேர்ண் என்னும் ஊரிலிருந்த வில்சன் நெசவாலை, இலக்கமிட்டு விற்ற துணிகளுக்குக் குலப் பெயர்களைச் சூட்டி விற்கலாயிற்று. 1842ஆம் ஆண்டு, ஸ்ரூவட் இளவரசரின் பேரர்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட சகோதரர் இருவர், பழைய ஏட்டுச் சுவடியொன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக் குலத் துணிகளின் நூலொன்றை வெளியிட்டனர். சுவடி போலி என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் அந்நூலிற் கண்ட துணிகள் பல இன்றும் திருமணங்களில் உடுத்தப்படுகின்றன. விக்டோரியா மகாராணியாருக்காக அவர் கணவர் 1852ஆம் ஆண்டில் பால்மோரல் மாளிகையை வாங்கியதன் பின் இந்த மோகம் பிரித்தானியா முழுவதையும் ஆட்கொண்டது. மேட்டுநில மலைகளில் அகப்படும், தேன்நிறப் புகை படர்ந்த கெயார்ன்கோர்ம் கல்லைப் பதித்த புரூச்சுகளைச் சீமாட்டிகள் விரும்பி அணிந்தனர். தேவை மிகுந்தபோது ஜேர்மனியின் இடர்-ஒபர்ஸ்ரைன் பட்டறைகளிற் பட்டைதீட்டிய கற்களும் ஸ்கொட்லாந்து நகை என்ற பெயரில் விலைபோயின.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டி, ஆகையால் எல்லாமே புனைவு என்று எள்ளுவோர் உளர். இக்கட்டுரையாளருக்கு அதில் முழு உடன்பாடில்லை. துணியின் கட்டங்கள் புதியனவாயிருக்கலாம். அவற்றை உடுத்தவர்கள் இழந்த நிலம் புதியதன்று.

மலைகளில் ஆடுகள்

மேற்சொன்ன கோலாகலம் நடந்த அதே பத்தாண்டுகளிலேதான், மேட்டுநிலக் குடிகள் தம் தலைவர்களாலேயே வெளியேற்றப்பட்டனர். போர்வீரர் தேவைப்படாத காலத்தில் தலைவன் வெறும் நிலக்கிழான் ஆனான். குடிகள் தரும் சொற்ப வாரத்திலும் பார்க்கத் தெற்கிலிருந்து வந்த ஆட்டுப் பண்ணையாளர் தரும் குத்தகை பன்மடங்காயிருந்தது. சதர்லாந்துப் பகுதியில் 1811ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து கடற்கரைக்குத் தள்ளப்பட்டன. 1814ஆம் ஆண்டு ஸ்ரத்நேவர் பள்ளத்தாக்கிலே வீடுகளின் கூரைமரங்கள் தீயிடப்பட்டன. பண்ணை அதிகாரி பட்ரிக் செலர்மீது மரணம் விளைவித்த குற்றமும் சாட்டப்பட்டு 1816ஆம் ஆண்டு இன்வர்னெஸில் வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். நிலத்துக்குரியவர் சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத். அவரே சதர்லாந்துக் குலத்தின் தலைவியும் ஆவார். அவர் கணவர் பின்னாளிற் கோமகன் பட்டம் பெற்றார். கொல்ஸ்பி ஊருக்கு மேலே மலையுச்சியில் நூறடி உயரத்துக்கு எழுப்பிய அவர் சிலை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. சதர்லாந்துக் குலத்தின் முத்திரை, காட்டுப் பூனை. வாக்கு, 'அச்சமின்றி'.

1845ஆம் ஆண்டு கிளென்கல்வி என்னுமிடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எண்பதுக்கு மேற்பட்டோர், குறொயிக் ஆலய முற்றத்திலே கல்லறைகளுக்கிடையில் துணிக்கூடாரம் அடித்துத் தங்கினர். ஆலயத்தின் உள்ளே புகுவது தகாதென்று வெளியிலேயே இருந்தனர். அவர்களுட் சிலர் சாளரக் கண்ணாடியிற் கூரான எதையோ கொண்டு தம் நிலையைக் கீறிவைத்தனர். தம்மைப் பாவப்பட்ட சந்ததி என்று அவர்களே எழுதியிருப்பதுதான் நெஞ்சைப் பிளப்பது. வீட்டிற் கேலிக் பேசிய அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினர். வெளியுலகம் படிக்கவேண்டும் என்று எண்ணினர் போலும். அந்தக் கண்ணாடி இன்றும் அங்கே இருக்கிறது.

ஒரே முத்திரையின் பின்னால் இருவேறு தலைவர்கள் இருந்திருக்கின்றனர் என்பதற்கு ஸ்கை தீவின் மக்லியொட் குலம் சான்று. (எழுத்து அவ்வாறிருப்பினும் 'மக்ளவுட்' என்றே உச்சரிப்பர்.) காளையின் தலை அவர்களுடைய சின்னம்; 'உறுதியாகப் பற்று' என்பது வாக்கு. மூன்றாம் தலைவர் மல்கம், கிளெனெல்க் காட்டில் மதங்கொண்ட காளையைக் குத்துவாளால் வீழ்த்தி அதன் கொம்பொன்றை முறித்துக் கொணர்ந்தார் என்பது குலக்கதை. அக்கொம்பு டன்வேகன் கோட்டையில் வைக்கப்பட்டிருக்கிறது. பட்டமேற்கும் வாரிசு அதை நிறைய மதுவை வார்த்து ஒரே மூச்சில் அருந்தவேண்டும் என்பது வழக்கம். இக்கோட்டைத் தலைவர் ஒருவருக்கும் அயலிலிருந்த மக்டொனால்ட் தலைவருக்கும் 1739ஆம் ஆண்டின் கொடுமையொன்றில் உடந்தை இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. ஸ்கை தீவிலும் ஹரிஸ் தீவிலும் நூறு பேரளவில் ஆண், பெண், சிறுவர் பிடிக்கப்பட்டு, அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒப்பந்த அடிமைகளாக விற்பதற்கெனக் கப்பலேற்றப்பட்டனர். கப்பல் அயர்லாந்தின் டொனகடீ துறையில் தரித்தபோது அவர்கள் தப்பியோடிச் செய்தியை வெளிப்படுத்தினர். எந்தத் தலைவரும் தண்டிக்கப்படவில்லை. கேலிக் மக்கள் அதனை 'ஆட்களின் கப்பல்' என்று பெயரிட்டு நினைவில் வைத்தனர்.

நூறாண்டு கழித்து, 1846ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. அப்பொழுதிருந்த 25ஆம் தலைவர் நோர்மன் மக்லியொட் தம் குடிகளை வெளியேற்ற மறுத்து, கடன் வாங்கித் தானியம் இறக்கி ஆயிரக்கணக்கானோருக்கு உணவளித்தார். அதனால் ஆண்டியானார். கோட்டையை விட்டு லண்டன் சென்று அரச அலுவலகத்திற் சம்பளத்துக்கு வேலைபார்த்தார். காளைத் தலையை இன்று மார்பில் அணியும் ஒருவர் இவ்விருவரில் எவரின் பிள்ளை என்று தன்னைக் கருதுவது?

கிளென்காரி மக்டொனெல் குலத்துக்கு அத்தகைய ஆறுதலும் இல்லை. அதன் தலைவர் அலஸ்ரர் 1815ஆம் ஆண்டிலே 'உண்மையான மேட்டுநிலத்தார் சங்கம்' அமைத்தவர். ரேபர்ண் தீட்டிய அவரது முழு உருவ ஓவியம் எடின்பரோ தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. கில்ட்டும் துப்பாக்கியும் கம்பீரமும் குறைவற விளங்கும். மரபுடையின் காவலராய் விளங்கிய அவரே மரபுக் குடிகளை நிலத்தைவிட்டு நீக்கினார். 1853ஆம் ஆண்டிலே நொய்டார்ட் பகுதியில் எஞ்சியிருந்த நானூறு பேரளவிலானோர் அக்குடும்பத்து விதவைச் சீமாட்டியினால் வெளியேற்றப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். போக மறுத்தோரின் குடிசைகள் இடிக்கப்பட்டன. அதற்கு முன்னரே சென்று சேர்ந்தவர்கள் ஒன்ராறியோவில் தம் புதிய மாவட்டத்துக்குக் கிளென்காரி என்றே பெயரிட்டிருந்தனர். மொன்றியலுக்கும் ஒட்டாவாவுக்கும் இடையே அப்பெயர்ப்பலகையைக் கண்ட நம் வாசகர் பலர் இருப்பர்.

நகை தங்கியது, மொழி?

1773ஆம் ஆண்டு 'ஹெக்ரர்' என்னும் பழங்கப்பல் ஏறத்தாழ 190 பேருடன் புறப்பட்டு, செப்டெம்பர் 15ஆந் திகதி நோவா ஸ்கோஷியாவின் பிக்ரோ துறையை அடைந்தது. வழியில் அம்மை நோயாலும் வயிற்றோட்டத்தாலும் 18 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். அன்று தொடங்கிய வருகையின் விளைவை 2016ஆம் ஆண்டின் கனடாக் குடிசன மதிப்பீட்டிற் காணலாம். தம்மை ஸ்கொட் வழியினர் எனக் கூறிக்கொண்டோர் 47 இலட்சத்துக்கு மேல். ஸ்கொட்லாந்தின் மொத்தச் சனத்தொகையோ 55 இலட்சத்தை அண்டியது.

ஆனால் 2011ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துக் கணக்கெடுப்பிலே கேலிக் பேசத் தெரிந்தோர் 58,000 பேருக்கும் குறைவு. 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அழைத்தது. கேலிக் மொழிக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை. வகுப்பறையிற் கேலிக் பேசியதற்கு அடிவாங்கியவர்கள் தம் பிள்ளைகளுக்கு அதைக் கற்பியாது விட்டனர். கேப் பிரெட்டன் தீவில் ஒருகாலத்திற் பல்லாயிரவர் பேசிய மொழியை இன்று ஆர்வலர் மாலை வகுப்புகளிற் கற்கின்றனர். கமரன் குலத்தவர் ஒருவர் தம் மார்பிலுள்ள கேலிக் வாக்கை உச்சரிக்க அறியாது கடைக்காரரிடம் கேட்பது அரிதன்று. நகை கனமற்றது, பயணப்பெட்டியில் ஒரு மூலையில் அடங்கும், ஒருமுறை வாங்கினாற் போதும். மொழிக்கு நாள்தோறும் வாய் வேண்டும்.

குல முத்திரைக்கும் தலைவருக்கும் சம்பந்தமில்லாத, சாதாரண மக்களின் நகையொன்றையும் இங்கு சொல்லாமல் விடுவதற்கில்லை. இதய வடிவான சிறு வெள்ளிப் புரூச் அது. சிலவற்றில் இரண்டு இதயங்கள் பின்னியிருக்கும், மேலே ஒரு கிரீடம். 'லக்கன்பூத்' என்று பெயர். எடின்பரோவில் சென் ஜைல்ஸ் பேராலயத்தின் அருகே, இரவிற் பூட்டிச் செல்லும் சிறு கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றிலே பொற்கொல்லர் அமர்ந்து இவற்றை விற்றதால் வந்த பெயர். அக்கடைகள் 1817ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டன. நகையின் பெயர் நிலைத்துவிட்டது. மணம் பேசியதும் மணமகன் மணமகளுக்கு அதைக் கொடுப்பான். பிள்ளை பிறந்ததும் தாய் அதைப் பிள்ளையின் போர்வையிற் குத்துவாள்; கண்ணூறும் பேய் பிசாசும் அண்டாது என்பது நம்பிக்கை. நாவூறு கழித்த கையுடன் பஞ்சாயுதம் கட்டிவிட்ட நம் பாட்டிமார் இதைக் கண்டிருந்தால் ஒன்றும் புதுமை என்று கூறியிரார்.

வாங்க விரும்புவோருக்கு ஒரு சொல். கடைகளிற் காணும் முத்திரைகளிற் பெரும்பாலானவை வெள்ளீயக் கலவையில் வார்த்தவை. விலை குறைவு, குற்றமொன்றுமில்லை. வெள்ளி என்று சொல்லி விற்றால் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். 7.78 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளிப் பொருளுக்குப் பிரித்தானியாவில் தரமுத்திரை கட்டாயம். செய்தவரின் எழுத்துகள், 925 என்னும் இலக்கம், எடின்பரோவிற் சோதித்ததாயின் முக்கோபுரக் கோட்டை ஆகியன இருக்கும். அந்நகரில் வெள்ளியைச் சோதிக்கும் ஒழுங்கு 1457ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. கோட்டையுடன் முட்செடிப் பூ ஒன்றும் காணப்படின் பொருள் பழையது. 1759 முதல் 1975 வரை அந்தக் குறி இடப்பட்டது.

இனி நம்மவருடன் இதற்குள்ள தொடர்பு. அது நகை வழியாக வந்ததன்று. ஊர்ப்பெயர் வழியாக வந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து சென்றவர்களுள் ஒரு சாரார் இலங்கையின் மலைநாட்டிலே தோட்டத் துரைமார் ஆயினர். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் முதன்முதலாகத் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட ஜேம்ஸ் ரெயிலர் ஸ்கொட்லாந்தின் கின்கார்டின் பகுதியைச் சேர்ந்தவர். தாய்நாட்டு நினைவை அவர்கள் தம் தோட்டங்களுக்குச் சூட்டினர். அக்கரப்பத்தனையில் பால்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி, தலவாக்கலையில் ஹோலிரூட், பூண்டுலோயாவில் டன்சினேன். தமிழகத்திலிருந்து நடந்து வந்து அம்மலைகளிற் கொழுந்து கொய்தவர்களின் பிள்ளைகள், தாம் ஒருபோதும் காணாத நாடொன்றின் அரண்மனைப் பெயரையும் புதினப் பெயரையும் தம் பிறப்பிடமாகப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் எழுதினர். அப்பத்திரத்துடன் ஐரோப்பாவந்து சேர்ந்தோரும் நம்மிடையே உளர். ஒருவரின் ஊர்ப்பெயர் மற்றொருவரின் பிரிவுத்துயரில் பிறந்ததென்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

1672ஆம் ஆண்டின் சட்டத்திலே, நல்லொழுக்கமும் தகுதியும் உடைய எவருக்கும் புதிய சின்னம் வழங்க லோர்ட் லயனுக்கு அதிகாரம் உண்டு. ஸ்கொட்லாந்தை நிலையான வதிவிடமாகக் கொண்ட எவரும், எந்நாட்டில் எக்குலத்தில் பிறந்தவராயினும், விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆயிரம் பவுணைத் தாண்டும். கனடாவில் வாழ்வோருக்கு 1988ஆம் ஆண்டு தொடக்கம் ஒட்டாவாவிலேயே அதற்கெனத் தனி அதிகாரசபை உள்ளது. விண்ணப்பம் ஏற்கப்பட்டால், எருதோ பனையோ யாழோ விண்ணப்பித்தவர் விரும்பும் உருவத்தை, வேறெவரின் சின்னத்துடனும் மயங்காதவாறு அமைத்துக் கன்றுத்தோலில் வரைந்து கொடுப்பர். விருதுவாக்கு எம்மொழியிலும் இருக்கலாம். அதன் பின்னர் அவர் அணியும் முத்திரையிலே பட்டியும் பக்கிளும் இரா. வெறும் வளையமும் ஓர் இறகும் இருக்கும்.